ரோட்டுச் சாணியும் மூன்று சென்ட் மனையும்

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் ஒரு பட்டா கிடைத்தது. மூன்று சென்ட். நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்து இரண்டாவது வருஷம். என் கணவர் அந்தக் காகிதத்தைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அவர் பேச்சாளர். கூலிக்குப் போகிற நாளைவிடக் கூட்டத்துக்குப் போகிற நாள் அதிகம். உழுபவனுக்கே நிலம் என்று தொண்டை கட்டும் வரை பேசுவார். பட்டா வந்த மண்ணை மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

அதற்கு முன் அந்தத் தெருவில் யாரும் ஒரு பூசணி விதைகூட ஊன்றியதில்லை. மண் மிராசுதாருடையது, முளைப்பதும் அவருடையது. எப்போதோ ஒருவர் குடிசையோரம் முருங்கைப் போத்து நட்டாராம். காய்த்ததும் பண்ணை ஆள் வந்து ஒன்றுவிடாமல் பறித்துக்கொண்டு போனானாம். தெருக்காரர்கள் இதை வேடிக்கைக் கதை போலச் சொல்லிச் சிரிப்பார்கள். பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கிறவர்கள்மேல் எனக்கு அப்போது இளக்காரம்தான் வந்தது. அவர்கள் பட்டதில் பாதியைக்கூட நான் பட்டதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நான் பிறந்தது திருவையாற்றுப் பக்கம். அங்கே ஆற்றுப் படுகையில் கத்தரி, அவரை, வாழை என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். என் அம்மா கூலிக்குப் போனது அந்தத் தோட்டங்களுக்குத்தான். நாகப்பட்டினம் ரோட்டோரமிருந்த இந்த ஊரில் கண்ணுக்கெட்டியவரை நெல். எங்கள் மனையோ களிமண், சித்திரை வெயிலில் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. கடப்பாறை போட்டால் நெருப்பு பறந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம் அது. அதன் அடியில் படிந்திருந்த வண்டலைக் கூடை கூடையாக அள்ளிவந்து கொட்டினேன். ஒரு மூலையில் குழி வெட்டி அடுப்புச் சாம்பல், பூவரசு இலை, வைக்கோல் கூளம் எல்லாவற்றையும் போட்டேன். சாணிக்குத்தான் வழியில்லை. எங்களிடம் மாடு கிடையாது. அதனால் காலையில் பண்ணை மாடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகு ரோட்டில் விழுந்து கிடப்பதை அள்ளினேன். இன்றைக்கு இதையே இயற்கை உரம் என்று பெயர் வைத்து மேடை போட்டுச் சொல்லித்தருகிறார்கள், கேட்பவர்களும் பக்தியோடு கேட்கிறார்கள். அன்றைக்கு நான் சாணி பொறுக்குகிறவள், அவ்வளவுதான்.

ஒருநாள் மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து மறித்தார். பண்ணையின் வரவுசெலவு, ஆள் அம்பு எல்லாம் அவர் கையில். முதலாளியைவிட அதிகமாக முதலாளி போல நடந்துகொள்ளும் மனிதர். அவர் இறங்கியதும் என்னையறியாமல் கூடையை இறக்கிவைத்து ஒதுங்கி நின்றேன். அப்படி நின்றதற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பு.

"யார் ஊட்டு மாட்டுச் சாணி அது?" என்றார்.

"மாடு பண்ணையோடது. ரோடு கவர்மெண்டோடது. சாணி ரோட்டுல கெடந்துச்சு" என்றேன்.

யாருடையது என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆயுள் முழுக்க ஒரே பதில்தான் கிடைத்திருக்க வேண்டும். புருஷன் நன்றாகத்தான் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து மாடுகளுக்குப் பின்னால் சாணி அள்ள ஓர் ஆளை விட்டார். ஒரு பெரிய பண்ணையின் கவுரவம் சாணிக் கூடையோடு ரோட்டில் நடந்தது. ஒரு வாரத்தில் அந்த ஆள் சலித்துப்போய் நின்றுவிட்டான். நான் மறுபடி அள்ளினேன்.

ஆடியில் அவரை ஊன்றினேன். கத்தரி நாற்று நட்டேன், கீரை தெளித்தேன். என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குழியைத் தாண்டிப் போவார்.

"ஊரே பூமிக்குப் போராடுது, நீ கத்தரிச் செடிக்குப் போராடுற" என்றார் ஒருநாள்.

ஆவணியில் பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவகர் வந்து, புது உரம் என்று ஒரு பொட்டலம் யூரியா கொடுத்துவிட்டுப் போனார். என் கணவருக்கு அதன் வெள்ளை நிறமே பிடித்துப்போனது. நான் நடவுக்குப் போயிருந்தபோது கைநிறைய அள்ளிக் கத்தரியின் தண்டோரம் குவித்துவிட்டார், தண்ணீர்கூட ஊற்றவில்லை. மூன்றே நாளில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பாதிச் செடிகள் போயின. வெயில்தான் காரணம் என்று சாதித்தார். நான் மீதிப் பொட்டலத்தைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு அவர் கண்முன்னாலேயே கையைக் கழுவினேன்.

தையில் அறுவடைக் கூலி தகராறாகி வேலைநிறுத்தம் வந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது, அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் வந்தது. தெருவில் அடுப்பெரிவது குறைந்தது. அந்த நாட்களில் என் பந்தலில் அவரை கொத்துக்கொத்தாகத் தொங்கியது. கீரையும் அவரைக்காயும் வீடு வீடாகப் போயின. சாணிக்காரி என்று சிரித்தவர்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். கொடுத்தேன். முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

போராட்டத்தைப் பார்க்க வந்த சங்கத் தலைவர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு, அவரைப் பொரியல். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோழர் பேச்சாளர் மட்டுமில்லை, உழைப்பாளியும்தான் என்று என் கணவரின் முதுகில் தட்டினார். என் கணவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவரைக்கும் மொச்சைக்கும் என் கணவருக்கு வித்தியாசம் தெரியாது.

அதற்கடுத்த நாள் காரியக்காரர் வந்தார். போலீஸ் ரோட்டு முனையில் நின்றதால் தைரியமாகத் தெருவுக்குள்ளேயே வந்தார், கையில் ஒரு கூடை. பண்ணை வீட்டில் காய்கறி இல்லை, பெரியம்மாவுக்கு அவரைக்காய் மேல் ஆசை என்றார். இந்த முறை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"கொஞ்சம் பறிச்சுக் குடும்மா" என்றார். அந்த 'ம்மா' அவர் வாயில் ஒட்டவில்லை.

"ஐயா, அது ரோட்டுச் சாணியில வெளஞ்ச காயி. பெரியம்மா உடம்புக்கு ஒத்துக்காது" என்றேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன், அதற்கும் துணிவில்லை. காலிக் கூடையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் எங்கள் தெருவழியே வந்து நான் பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் கூலி பேசி முடித்தார்கள். கேட்டதில் பாதி கிடைத்தது, அதை வெற்றி என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சித்திரையில் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் விதை கேட்டு வந்தார்கள். எப்படிக் குழி வெட்டுவது, எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது என்று சொன்னேன்.

என் கணவரும் தலைவர் தட்டிக்கொடுத்ததிலிருந்து தோட்டத்துக்குள் இறங்க ஆரம்பித்தார். சாயங்காலம் நாலு பேர் பார்க்கிற நேரமாகப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டே கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வரப்பின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் மட்டும் நடக்கச் சொன்னேன்.