சீதன உறுதிக்குப் போகாத நாள்

என் தங்கச்சியின் மகள் கொழும்பில் சட்டம் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினாள். எந்த வேலை பார்க்கிற லோயருக்கு எவ்வளவு வருமானம் என்று யாரோ ஏணி மாதிரி அடுக்கியிருந்தார்கள். உச்சியில் கம்பனிகளுக்கும் வரி விசயங்களுக்கும் வேலை செய்பவர்கள். நடுவில் காணி விசயம் பார்ப்பவர்கள். அடியில் இல்லாதவர்களின் வழக்கைப் பேசுபவர்கள். “பெரியம்மா, நான் எதை எடுக்கட்டும்?” என்றாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அன்று முழுக்கக் காபன் தாளின் மணம் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

காபன் தாளை முகர்ந்தால் உங்களுக்கு ஊர்காவற்றுறை ஞாபகம் வராது. எனக்கு வரும். சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடங்கள், இறங்குதுறைக்குப் போகிற வழியில் ஒற்றை அறைக் கந்தோர் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கந்தோர் ஒரு பெண் சட்டத்தரணியுடையது. நாற்பது வயதிருக்கும், எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’தான். வழக்கும் பேசுவார், நொத்தாரிசாகக் காணி உறுதி என்கிற பத்திரமும் எழுதுவார். உறுதியில் ஒரு எல்லை பிழையானாலும் பேரப்பிள்ளை காலம்வரை சண்டைதான் என்று ஒருமுறை சொன்னார். அன்றோடு என் நித்திரை போனது. பின்னேரம் கந்தோரைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்புவரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பிறகு, இழுத்ததில் கழன்றிருக்குமோ என்று யோசிப்பேன்.

எங்களிடமும் ஓர் ஏணி இருந்தது. உச்சியில் சீதன உறுதி, மகளுக்குக் காணி எழுதிக்கொடுப்பது. அந்த நாட்களில் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் மாப்பிள்ளைமார் வந்திறங்கினார்கள். கலியாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னம், நல்ல நேரம் பார்த்து, நொத்தாரிசைப் பெண் வீட்டுக்கே கூப்பிட்டு உறுதியில் கையெழுத்து வைப்பார்கள். நல்ல காசு, வாழையிலைச் சாப்பாடு, வெற்றிலைத் தட்டம். அடுத்த படியில் காணிப் பங்கு வழக்கு. அது மெதுவாகத் தரும், ஆனால் பத்து வருடம் தரும். அதற்குக் கீழே தாபரிப்பு வழக்கு. புருசன் பிள்ளைக்கே காசு கொடுக்காத வீட்டில் லோயருக்கு யார் கொடுப்பது? கடைசிப் படி, மறியல் சிறையில் கிடக்கிற கடற்றொழிலாளிக்குப் பிணை கேட்பது. அதற்குக் காசு வராது. ஓலைப்பெட்டியில் நண்டு வரும். கந்தோர் வாடகையும் என் சம்பளமும் மேல் படியிலிருந்துதான் வந்தன. அது எனக்கு நன்றாகத் தெரியும், கவலைப்படுகிறவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

நயினாதீவில் பெரிய காணிக்காரரான சின்னத்துரையர் தன் மகளின் சீதன உறுதிக்கு நாள் சொல்லி அனுப்பினார். ஆவணி பத்து, காலை ஒன்பதரை. எங்கள் டயறி இங்கிலிஸ் தேதியில் ஓடுவது. சுவர்க் கலண்டரில் ஆவணி பத்தைத் தேடி, அதற்குரிய இங்கிலிஸ் தேதியைப் பார்த்து எழுதினேன். என் குணத்துக்கு மூன்று தரம் சரிபார்த்தேன். மூன்று தரமும் போன வருடக் கலண்டரில். வழக்குத் தவணைகள் குறித்திருந்ததால் அதைக் கழற்றாமல் விட்டிருந்தோம். தமிழ்த் தேதி வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பது அந்த நேரம் என் தலையில் ஏறவில்லை.

அந்த ஆவணி பத்துக்கு முதல்நாள் பின்னேரம் சின்னத்துரையரின் ஆள் வந்தான். நாளைக்கு எட்டு மணிக்குக் குறிகட்டுவான் துறையில் வள்ளம் நிற்கும் என்றான். எங்கள் டயறியில் உறுதி அதற்கு மறுநாள்தான். அவன் சொன்ன அந்த நாளைக்கு, அதே ஒன்பதரைக்கு, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் றோசலீன் அக்காவின் புருசனுக்குப் பிணை கேட்க வேண்டும். கடலில் வலை அறுத்த சண்டையில் அவரைப் பிடித்திருந்தார்கள். முதல் தவணையில் பேச ஆளில்லாமல் மறியலை இரண்டு கிழமைக்கு நீட்டிவிட்டார்கள். றோசலீன் அக்கா அப்போது எங்கள் கந்தோர் வாங்குப் பலகையிலேயே இருந்தா. புருசன் நீதிமன்றத்துக்குப் போடுவதற்கென்று மினுக்கி மடித்த சேட் ஒன்று மடியில்.

“நீர் எந்தக் கலண்டரைப் பாத்தனீர்?” மிஸ் கேட்டார்.

“சுவரிலை கிடக்கிறதை, மிஸ்.”

“அது போன வருசத்தையெல்லே.”

நான் ஓடிப்போய்க் கலண்டரில் வருடத்தைப் பார்த்தேன். றோசலீன் அக்கா சேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினா. “மிஸ், நீங்கள் அங்கை போங்கோ. அவர் இன்னும் ரெண்டு கிழமை இருப்பார். இருந்து பழகீட்டார்.”

மிஸ் டயறியை மூடினார். “இரும், றோசலீன்” என்றார். பிறகு என்னிடம், “காலமை முதல் பஸ்ஸிலை நயினாதீவுக்குப் போம். எனக்கு வர ஏலாதெண்டு நீரே சொல்லும்.”

வள்ளத்தில் போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பந்தல் போட்ட வாசலில் எல்லாம் மறந்துபோனது. பிழை என்னுடையது, மிஸ் பிணைக்குப் போய்விட்டார் என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். சின்னத்துரையர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எட்டுப் பரப்புக் காணி, கல்வீடு. இதை விட்டுட்டு அந்தக் கடற்காரனிட்டை உங்கடை மிஸ்ஸுக்கு என்ன கிடைக்கும்?”

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். “நண்டு, ஐயா” என்றேன்.

உள்ளே கலியாணப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. வேலணையிலுள்ள வேறொரு நொத்தாரிசுக்கு ஆள் அனுப்பினார். பின்னேர நல்ல நேரத்தில் கையெழுத்து ஆனதாம். நான் பச்சைத்தண்ணிகூடக் குடியாமல் திரும்பினேன்.

கந்தோர் வாங்கில் றோசலீன் அக்காவின் புருசன் இருந்தார். சேட்டில் மடிப்புக்கூடக் குலையவில்லை. என்னைக் கண்டதும் எழும்பி, இடம் விட்டு, வாசலில் போய் நின்றார்.

அதற்குப் பிறகு நயினாதீவிலிருந்து ஒரு உறுதியும் வரவில்லை. அதைப் பார்த்து வேலணைப் பக்கத்தவர்களும் வருவதை நிறுத்தினார்கள். என் சம்பளம் பாதியானது. மிஸ் அதைச் சொல்லுகிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பிழை பற்றியும் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் மறியலில் ஆள் கிடக்கிற வீட்டுக்காரர் அனலைதீவிலிருந்தெல்லாம் வரத் தொடங்கினார்கள். மேல் படி முறிந்த ஏணியில் எவ்வளவு காலம் நிற்கலாம்? திரும்பவும் சண்டை மூண்டு, தரைப்பாதை பூட்டி, மிஸ் கப்பலில் கொழும்புக்குப் போனார். இப்போது ஒரு கம்பனியில் பெரிய சம்பளமாம். கேள்விப்பட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருடம் ஒரு அலுவலாக ஊர்காவற்றுறைக்குப் போனேன். கந்தோர் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. நீதிமன்ற நாட்களில் சட்டத்தரணிமார் யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வருகிறார்கள், வழக்கு முடிந்ததும் போய்விடுகிறார்கள். அன்று முதல் வள்ளத்தில் வந்த ஒரு பொம்பிளை, வழக்குக் கடதாசிகளைச் சொப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசல் படலையடியில் நின்றாள். ஒவ்வொரு காரும் வந்து நிற்கும்போது ஓரடி முன்னால் போனாள். இறங்குகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றாள்.