குடைக் கம்பெனி ஸ்பிரிங்

போர் மூண்ட மாதமே குடை செய்வதை நிறுத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்துவிட்டது. இனி விரல் நீள ஸ்பிரிங் மட்டும்தான். பதினெட்டு வருஷமாகக் குடைக் கம்பெனியை மேய்த்துவந்த சூப்பர்வைசரம்மாவுக்கு, அதை எதில் மாட்டப் போகிறார்கள் என்று தெரியாமல் மண்டை குடைந்தது. "அதை மட்டும் கேக்காதீங்கம்மா, ரகசியம்," என்று தொழில்துறை அதிகாரி வாயை அடைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் வந்தார். சட்டைப்பையில் ஒரு பித்தளைக் குழாய். அங்கேயும் பூட்டு நின்றுபோய் இப்போது இதுதான் ஓடுகிறதாம். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய ஸ்பிரிங் வரைபடத்திலும் அதே எண்தான்! அப்படியானால் இரண்டும் ஒரே பொருளுக்குத்தான். கைப்பையிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்து நுழைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசத்தில் உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கெதுக்கும்மா வம்பு?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் சேரலைன்னா ரகசியத்தை வச்சு என்னண்ணே பண்றது?"

மறுநாள் இரண்டையும் அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள். அவர் வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. பூட்டுக் கம்பெனிக்குப் போயிருந்தது பழைய அளவு.

"இது என்னன்னு இப்பவாவது சொல்லுங்க சார்."

"போர்முனைக்குப் போற தண்ணி பம்பும்மா."

வெடிகுண்டோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கம்பெனி சூப்பர்வைசர்களும் திங்கட்கிழமைதோறும் தங்கள் பாகங்களோடு அதிகாரியின் அறையில் கூடினார்கள். ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலையை அவளிடமே விட்டார்கள்.