நாலு விரல் நீளமான கதவு

தம்பித்துரையின் கார் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. கரும்பச்சை நிறம், கூரை இல்லை, முன்னால் உருண்டையாக இரண்டு விளக்குகள். எல்பே ஆற்றங்கரை வழியே, ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கும் பாதையில் அது மெதுவாக வளைந்து போகும். உதிரும் பூக்கள் அவர் மடியில் விழும். ஒரேயொரு குறைதான். அந்தக் காரை அவர் இன்னும் வாங்கவில்லை.

அதை முழுக்காராக வாங்கவும் முடியாது. அறுபதுகளில் வந்த ஓர் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் நகல் அது. அடிச்சட்டம், மேலுடல், கதவு, சில்லு என்று எல்லாம் தனித்தனிப் பெட்டிகளில் வந்திறங்கும். வாங்குகிறவரே தன் கராஜில் வைத்துப் பூட்டி, டியூவ் எனும் வாகனத் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கிட் கார் என்பார்கள். பொறுமைசாலிகளின் விளையாட்டு.

தம்பித்துரைக்குப் பொறுமை நிறைய உண்டு. ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் ஒரு கோப்பிக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடமாகப் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். அதன் வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். மூட்டைகளுக்கு நடுவே அத்தனை வருடமும் பன்னிரண்டிலேயே ஓட்டிய மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கனவு வராமல் வேறென்ன கனவு வரும்?

யாரிடம் வாங்குவது என்பதில்தான் சிக்கல். மூன்று நிறுவனங்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாததால் ஊரை வைத்தே சொல்வார். இங்கிலாந்துக்காரனின் நகல் திருகாணி வரைக்கும் அசலைப் போலவே இருக்கும். ஹொலண்ட்காரன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் போடுவான். ஹைடேக்காரர்கள், அதாவது தெற்கே லூனெபூர்க் பக்கத்துப் புதர்வெளியில் பட்டறை வைத்திருப்பவர்கள், டியூவுக்கான பத்திரங்களைத் தாங்களே செய்து தருவார்கள். ஆனால் கதவை அசலைவிட நாலு விரல் நீளமாக்கி வைத்திருந்தார்கள். தம்பித்துரைக்கு அது பொறுக்கவில்லை. நகலில் என்ன புத்திசாலித்தனம் வேண்டிக்கிடக்கிறது?

மூன்று பேருக்கும் மூன்று நிறத்தில் ஓர்ட்னர், அதாவது கடதாசிகளைத் துளையிட்டுக் கோக்கும் தடித்த கோப்பு, வைத்திருந்தார். இந்த நாட்டில் ஓர்ட்னரும் துளையிடும் கருவியும் இல்லாமல் கனவுகூடக் காண முடியாது. ஞாயிறு தோறும் மூன்றையும் விரித்துவைத்து ஒரு காரிலிருந்து அடுத்த காருக்கு மாறி மாறி ஏறுவார். ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்ற இரண்டும் செத்துப்போகும். அந்தப் பாவத்துக்குப் பயந்தே மனிதர் ஒன்பது வருடம் மதில்மேல் பூனையாக இருந்தார்.

மனைவி புஷ்பராணிதான் கடைசியில் நாள் குறித்தாள். வருகிற ஐப்பசியில் அவர் ஓய்வுபெறப் போகிறார். கையும் கண்ணும் நன்றாயிருக்கும்போதே தொடங்காவிட்டால் பிறகு எப்போது? உயிர்த்த ஞாயிறுக்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் மூன்று ஓர்ட்னரும் பழைய கடதாசித் தொட்டிக்குள் போகும் என்றாள்.

"என்னை ஒரு போட்டோவைப் பாத்து ஒரே நாளிலை ஓம் எண்டனீங்கள். ஒரு காருக்கு ஒன்பது வருசமோ?"

அவள் சொன்னதைச் செய்கிறவள். தம்பித்துரை இங்கிலாந்துக்காரன் பக்கம் முக்கால்வாசி சாய்ந்தார். ஓர்டரை அனுப்பும் முன் ஒருதரமாவது இப்படியொரு காரில் ஏறி இருந்து பார்க்கச் சொன்னவர் அவருடைய கூட்டாளி ஆனந்தராசா. முன்பு கார்ப் பட்டறையில் வேலைசெய்தவர், விஷயம் தெரிந்தவர். கிட்ட இருப்பது ஹைடே. அதனால் ஒரு சனிக்கிழமை காலை மூவரும் தம்பித்துரையின் வீட்டுக் காரில் புறப்பட்டார்கள்.

வழக்கம்போல ஆனந்தராசா முன்னால். புஷ்பராணி பின்னால், சாரதி ஆசனத்துக்குப் பின்புறம். பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பின்னால் ஏறியவள் அவள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகள் கிருசாந்தி கார்ல்ஸ்ரூஹேயில் வேலைக்குப் போய் நாலு வருடமாகிறது. புஷ்பராணி மட்டும் இடம் மாறவில்லை. ஆளில்லாத நாளில் முன்னாசனத்தில் தம்பித்துரையின் சாப்பாட்டுப் பை இருக்கும். அதைப்பற்றி யாரும் யோசித்ததில்லை.

பட்டறையின் பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே, வெயில் விழும் இடத்தில், அந்தக் கார் நின்றது. கரும்பச்சை. தம்பித்துரை வாசலிலேயே நின்றுவிட்டார். பட்டறைக்காரி லிசா கையைத் துடைத்துக்கொண்டே ஏறச் சொன்னாள். அவர் ஏறினார். தோல் ஆசனம் அவரை வாங்கிக்கொண்டது. ஆனந்தராசா அடுத்த பக்கத்தால் ஏறி, கதவின் நீளத்தை விரலால் அளந்து உதட்டைப் பிதுக்கினார். தம்பித்துரைக்கு அது கண்ணில் படவில்லை. அவர் ஆற்றங்கரையில் இருந்தார், பூ விழுந்துகொண்டிருந்தது.

ஆனந்தராசா இறங்கியதும், தேநீர்ப் போத்தலோடு நின்ற புஷ்பராணியை லிசா கையைக் காட்டி அழைத்தாள். புஷ்பராணி காரை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இதிலை பின்னுக்கு ஸீற் இல்லையே. எனக்கு அது முந்தியே தெரியும். நீங்கள் ஓடுங்கோ, நான் வீட்டிலை நிப்பன்."

அதில் கோபமோ குறையோ இருக்கவில்லை. தம்பித்துரைக்கு அதுதான் தாங்க முடியாமல் போனது. ஒன்பது வருடம் ஆப்பிள் பூவுக்குள் ஓடிய அந்தக் காரில் தனக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. தனக்கு இடமே இல்லை என்று நினைத்த காரைத்தான், நாள் குறித்து, வெருட்டி, வாங்குங்கோ வாங்குங்கோ என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை தானாகவே விலகியது.

"ராணி, இதிலை வந்து இரும்," என்றார்.

போன வருடம் முழங்கால் ஒப்பரேஷன் செய்தவள் அவள். அவ்வளவு தாழ்ந்த காரில் ஏற ஏலாது என்றாள். லிசா கதவை அகலத் திறந்துவிட்டு, முதலில் பக்கவாட்டில் இருக்கச் சொன்னாள். புஷ்பராணி இருந்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். சத்திரசிகிச்சை செய்த கால் மடங்க மறுத்தது. ஆனால் கதவு கூடுதலாக விட்ட அந்த நாலு விரல் இடத்தால் நீட்டியபடியே உள்ளே வந்துவிட்டது.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தாள். அதற்கு அப்பால் பட்டறைக் கதவு, மணல் பாதை, புதர்வெளி, நிறைய ஆகாயம்.

"முன்னுக்கு இருந்தா இவ்வளவு தெரியுமே," என்றாள், தனக்குள் சொல்வதுபோல.

தம்பித்துரை அங்கேயே லிசாவிடம் சம்மதம் சொன்னார். விஷயம் தெரிந்தவர்கள் கதவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று ஆனந்தராசா எச்சரித்தார். சிரிக்கட்டும் என்றார் தம்பித்துரை. மற்ற இரண்டு கார்களும் செத்துப்போனதை அவர் கவனிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஆனந்தராசா வழக்கம்போல வீட்டுக் காரின் முன்கதவில் கை வைத்தார்.

"அண்ணை, நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ," என்றார் தம்பித்துரை.

புஷ்பராணி முன்னால் ஏறி, தேநீர்ப் போத்தலைக் காலடியில் வைத்தாள். பிறகு இருபது வருடப் பழக்கத்தில், ஆசனப் பட்டியை எடுக்க இடப்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். பட்டி வலப்பக்கம் இருந்தது. தம்பித்துரை எட்டி அதை இழுத்து அவளுக்குப் பூட்டிவிட்டார்.