ஒன்றை அழுத்தவும், சித்தப்பா

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு எங்கள் நிறுவனம் தனக்கென ஒரு தொலைபேசி மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

நிறுவனம் என்றால் நானும் என் மனைவி செல்வியும். தலைமையகம், தேனியில் எங்கள் வீட்டு முன்னறை. சொட்டுநீர்க் குழாய் விற்கிறோம்.

ஏழு மென்பொருள்களை ஒப்பிட்டு, இருப்பதிலேயே மலிவானதை எடுத்தோம். "குழாய் வாங்க ஒன்றை அழுத்தவும், பழுதுபார்க்க இரண்டை அழுத்தவும்" என்று செல்வியே பேசிப் பதிவு செய்தாள்.

இன்று காலை கோம்பையிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். நான்கு ஏக்கர் திராட்சைக்குக் குழாய் கேட்டிருந்தவர்; செல்விக்குச் சித்தப்பா முறை. இந்த ஆண்டின் பெரிய ஆர்டர் அவருடையதுதான். முகம் சரியில்லை.

"ஏன் ஆத்தா, மூணு தடவ போன் போட்டேன். நல்லாருக்கியா, பிள்ளைக சொகமான்னு கேக்குறேன். நீ பாட்டுக்கு ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துங்குற. எம்மேல என்ன கோவம்? வேற கடைக்குப் போகவா?"

"ஐயோ சித்தப்பா, அது மிஷினு!"

"கொரலு உன்னுதுதான? அப்ப ஒரு வார்த்த விசாரிக்கக் கூடாதா?"

நிறுவனத்திடம் காப்பி இருந்தது. பாதி டம்ளரில் சிரித்துவிட்டார். ஆர்டர் உறுதியானது.

அவர் மேற்பார்வையிலேயே புதிய பதிவு நடந்தது.

"வணக்கம், நல்லா இருக்கீகளா?"

"பொறு ஆத்தா, பதில் சொல்ல விடு."

"சாப்டீகளா?"

"இன்னுங் கொஞ்சம் பொறு."

"தோட்டத்துல தண்ணி இருக்கா?"

மலிவுத் திட்டத்தில் வரவேற்புப் பதிவுக்கு முப்பது விநாடிதான். எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பது இப்போது பதிவில் இல்லை.