கதவுக்கு வந்த பச்சை

மகளுக்குப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடம். பாடம் அவளுக்கு, வேலை எங்களுக்கு. இந்த வாரம் மரத்தில் பேனாக் கூடு. வாசலில் உட்கார்ந்து கணவர் சாய டின்னைத் திறந்ததும் பழைய வாடை மூக்கில் ஏறியது.

என் ஆறாம் வகுப்பிலும் இதே தொல்லைதான். அப்போது தபால் பெட்டி. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா, “கைய நசுக்கிக்குவ, தள்ளிப் போ” என்று என்னை ஆணியைக்கூடத் தொட விடவில்லை. அவரே அறுத்தார், அடித்தார், பச்சைச் சாயமும் பூசினார்.

கண்காட்சியன்று பார்த்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் பெட்டிகள் அத்தனையும் அதே பச்சை. ஃபேக்டரிக் கதவுக்கு வந்த சாயத்தை எல்லா அப்பாக்களும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி வந்திருக்கிறார்கள். ஒருவருக்காவது வேறு நிறம் தோன்றியிருக்கக் கூடாதா? கண்காட்சியைத் திறந்து வைக்க வந்தவரோ எங்கள் எஸ்டேட்டை நடத்தும் துரை. என் பெட்டியின் முன் நின்றார்.

“சாயம் யாரும்மா அடிச்சது?”

டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, “நானேதான் சார்” என்றேன்.

“அப்ப நாளைக்கு ஃபேக்டரிக்கு வந்துரும்மா. கதவு பாதிச் சாயத்தோட நிக்குது.”

பின்னால் நின்ற அப்பா கூரையைப் பார்த்தார்.

இப்போது கணவர் பூசுவது நீலம். அவர் வேலை செய்யும் ஹோட்டல் வேலிக்கும் இந்த வாரம் நீலம்தான் அடிக்கிறார்கள். மகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள்.

“ஏங்க, வேலிய முழுசா அடிச்சு முடிச்சாச்சா?” என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார்.