ஆறாவது ஆள்

சாப்பிட உட்காரும் முன் ஸுஹைரா ராத்தா சட்டையின் வலது கையை இரண்டு மடிப்பு மடிப்பார். மடித்த இடத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். பதினெட்டு வருசமாக இதைப் பார்க்கிறேன். தில்லையடியில் அவர் இருப்பது எங்கள் எதிர்வீட்டில். கலியாணமோ கந்தூரியோ, சஹன் வைத்தால் ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பெண்கள் இருக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்த இடத்தில் இருந்து யாராவது கூப்பிடுவார்கள்.

"ஸுஹைரா, இங்க ஒரு ஆள் கொறயிது."

அவர் வருவார், சட்டையை மடிப்பார், இருப்பார். தன் பக்கத்துச் சோற்றில் கொஞ்சம் எடுப்பார். இறைச்சியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார், இன்னொரு சஹனிலும் ஆள் குறையலாம் என்பதால். ஒரு கலியாணத்தில் மூன்று சஹனில் இருந்தார். பக்கத்து வீட்டு ஹஃபீலா, "இது வயிறா, உப்புச் சாக்கா?" என்று கேட்டாள். உப்பளத்தில் கூலி வேலை செய்தவர் ராத்தா. "உப்புச் சாக்குக்கு ஒரு அளவு இரிக்கே" என்றார்.

மன்னாரில் இருந்து சின்ன வயதில் வந்தவர். கணவர் மௌத்தாகி விதவையானவர், பிள்ளைகள் இல்லை. மூத்த சகோதரி றைஸாவின் வீட்டு வளவில் ஒரு அறையில் இருக்கிறார். ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஆறாவது இடம்தான்.

2022இல் அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் குளுசை. கிளினிக்கில் ஒருவர் பார்த்திருக்கத் தினமும் விழுங்க வேண்டும். மூன்றாம் மாதம் நோன்பு வந்தது. சுகமில்லாதவர் நோன்பு பிடிக்கத் தேவையில்லை என்று எத்தனை பேர் சொல்லியும் ராத்தா கேட்கவில்லை. கடைசியில் ஒரு மாதக் குளுசையையும் ஒரு அட்டையையும் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்துச் சரி போட ஒரு ஆளைக் காட்டச் சொன்னார்கள். அவர் என்னைக் காட்டினார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்த அட்டை எனக்குப் பெரிய பொறுப்பு. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அவர் அறை வாசலில் நிற்பேன். பேரீச்சம்பழத்துக்கு முன் குளுசையைப் போட்டுத்தான் நோன்பு திறப்பார். ஒரு நாள் மட்டும் விழுங்கிய கையோடு வாந்தி எடுத்தார். மருந்து தங்கியதா, வெளியே வந்ததா, தெரியவில்லை.

"போடு புள்ள, உள்ளுக்குப் போயிட்டுத்தானே."

நான் சரி போட்டேன்.

ஊர் கண்டது வேறு. ஸுஹைரா ஒரு மாதமாகக் கிளினிக் பக்கம் போகவில்லை, மருந்தை நடுவில் விட்டுவிட்டாள் என்று கதை போனது. பிறகு அவருக்குச் சுகமானது. சளிச் சோதனையும் நல்லபடி வந்தது. மறுபடி சஹனுக்குக் கூப்பிட்டார்கள். கதையை யாரும் எடுக்கவில்லை.

போன வருசம் றைஸா ராத்தாவின் மகள் றிஃப்னா இருமத் தொடங்கினாள். இருபத்திரண்டு வயது. தையல் தொழிற்சாலைக்கு வான் வண்டியில் போய்வருபவள். அவளுக்கும் காசநோய், அதுவும் வழமையான மருந்துக்கு அடங்காத வகை என்றார்கள். அன்று பின்னேரம் வளவில் றைஸா ராத்தாவின் குரல் எங்கள் குசினி வரை கேட்டு, அரிசிச் சட்டியோடு வாசலுக்கு வந்தேன்.

"நீ நடுவுல உட்ட மருந்துதான் என்ட புள்ளையில வந்து நிக்கிது."

"நான் மருந்த உடல்ல ராத்தா."

"ஒரு மாசம் நீ கிளினிக் வாசல மிதிக்கல்ல. ஊரே கண்டிச்சு."

ஸுஹைரா ராத்தா வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அட்டை என்னுடையது. முப்பது சரியும் நான் போட்டவை. ஆனால் அந்த ஒரு நாள்? அந்த ஒரு நாளில்தான் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதோ? நான் கையில் இருந்த அரிசிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் அவருடைய சாப்பாட்டுப் பீங்கானும் கோப்பையும் தனியாகப் போயின. கிணற்று வாளியும் வேறு. றிஃப்னாவுக்குக் காற்றுப் படக்கூடாது என்று அவள் அறை ஜன்னலைப் பூட்டி வைத்தார்கள். யாரும் சஹனுக்கு ராத்தாவைக் கூப்பிடவில்லை.

றிஃப்னாவோடு பழகியவர்களை எல்லாம் கிளினிக்கில் சோதிக்கக் கூப்பிட்டபோது நானும் போனேன். எனக்கு ஒன்றுமில்லை. சில வாரம் கழித்து முடிவு சொல்லும் நாளிலும் றைஸா ராத்தா வீட்டாரோடு போனேன். ஸுஹைரா ராத்தாவின் பழைய சளியில் இருந்த கிருமியைக் கொழும்பில் எடுத்து வைத்திருந்தார்களாம். அதையும் றிஃப்னாவின் கிருமியையும் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறார்கள்.

"கிருமிக்கும் பரம்பரை இருக்கு" என்றார் டொக்டர். "அதுக்குள்ள எழுத்து வரிசை மாதிரி ஒண்டு. ஒராள்ட்ட இருந்து மற்றாளுக்குப் போனா ஓரிரண்டு எழுத்துத்தான் மாறும். இவங்க ரெண்டு பேரிட கிருமியிலயும் நூற்றுக்கணக்கில வித்தியாசம். சாச்சியிட்ட இருந்து மகளுக்கு வரல்ல."

"ஒரே வளவு டொக்டர். ஒரே கிணறு" என்றார் றைஸா ராத்தா.

"ஓம். கிருமி வேற."

என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியாது. "ஒரு நாள் வாந்தி எடுத்தாங்க. நான் சரி போட்டுட்டன்."

"அந்த ஒரு நாளால இது வராது. அவவுக்கு வந்தது மருந்துக்கு அடங்கின கிருமி. அது போயிட்டு."

றிஃப்னாவின் கிருமி, சிலாபப் பக்கம் ஒருவரின் கிருமியோடு மூன்று எழுத்தில்தான் வேறுபடுகிறதாம். பெயர் சொல்ல மாட்டாராம்.

"சிலாபத்துல எனக்கு ஆரும் இல்லியே" என்றாள் றிஃப்னா.

"நடுவுல வேற ஒருத்தர் இருக்கலாம். அவர இன்னும் கண்டுபிடிக்கல்ல. தட்டுல, கோப்பையில தேடாதீங்க. இது காத்துல வாறது. பூட்டின அறை, பூட்டின வாகனம்."

அப்போதுதான் றிஃப்னாவின் வான் எனக்கு நினைவு வந்தது. ஏசி போட்டு, கறுப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் றைஸா ராத்தா சொன்னார்: "எழுத்தாம். நான் கண்ணால கண்டன், இவ இருமினத." ஸுஹைரா ராத்தா வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கும் விளங்கவில்லை. ஒரே பெயருள்ள நோய், ஒரே வளவுக்கு, இரண்டு வழியால் வந்திருக்கிறது. ஒரு வழியையாவது நான் பார்த்தேனா? வாசலில் நின்று எல்லாம் பார்க்கிறவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

முப்பது சரியைப் பற்றி ஹஃபீலாவிடம் சொன்னேன். "இப்ப என்னத்துக்குச் சொல்ற? அப்ப வாய்க்குள்ள கொழுக்கட்டையா இருந்திச்சு?" என்றாள்.

போன மாதம், மௌத்தான எங்கள் வாப்பாவின் நினைவுக்குக் கத்தம் ஓதிச் சஹன் வைத்தோம். நான் இருந்த சஹனில் ஐந்து பேர். எழுந்து வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"ராத்தா, இங்க ஒரு ஆள் கொறயிது."

அவர் வந்தார். சட்டையை இரண்டு மடிப்பு மடித்தார், தட்டிப் பார்த்தார், இருந்தார். ஹஃபீலா எழுந்தாள். "பிரஷர் குளுச போட மறந்திட்டன்" என்று போனவள் திரும்பி வரவில்லை. ராத்தா இறைச்சியை என் பக்கம் தள்ளினார்.

றிஃப்னா எட்டாம் மாத மருந்தில் இருக்கிறாள். அவள் அறை ஜன்னல் திறந்திருக்கிறது. சிலாபத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தவர் யாரென்று இன்னும் தெரியாது. ஸுஹைரா ராத்தாவுக்கு நோய் இல்லை. அவருடைய பீங்கான் மற்றப் பீங்கான்களோடு அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. எங்கள் தெருவில் சஹனுக்கு ஆள் குறைந்தால், இப்போது ஐந்து பேராகவே இருந்து சாப்பிடுகிறார்கள்.