என் அளவில் தம்பிக்கு ஒரு சைக்கிள்

நான் வாழும் ஊரில் சைக்கிள் வாங்கப் போனால் ஷூவைக் கழற்றச் சொல்கிறார்கள். பாரிசிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கிற சின்ன ஊர் அது. ஒரு சனிக்கிழமை காலை, கடைக்காரர் என்னைச் சாக்ஸ் காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தினார். தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைக்கச் சொல்லி, "இன்னும் மேலே, முசியே, இன்னும் மேலே" என்றார். புத்தகம் எலும்பில் முட்டும்வரை ஏற்றவேண்டுமாம். பக்கத்தில் இரண்டு பெண்கள் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று புதுச்சேரி முதலியார்பேட்டையில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் கூரையைப் பார்த்தேன். அவர் தரையிலிருந்து புத்தகத்தின் விளிம்புவரை அளந்து, எண்பத்தொரு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். பிறகு உடம்பு நீளம், கை நீளம். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் சைக்கிளுக்கு இரண்டே அளவுதான், இருபத்திரண்டு, இருபத்துநான்கு. கால் எட்டாதவன் எட்டும்வரை அரைப்பெடல் போடுவான். சைக்கிள் உனக்குப் பொருந்துகிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான், இது எனக்கல்ல, புதுச்சேரியில் இருக்கும் என் தம்பிக்கு என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படியானால் அவரை அழைத்து வாருங்கள்" என்றார். அவன் இந்தியாவில் இருக்கிறான் என்றேன். "பரவாயில்லை, வரும்போது அழைத்து வாருங்கள்" என்றார். அவன் வரமாட்டான், வருவதென்றால் விசாவுக்கு எத்தனை காகிதம் வேண்டும் என்றெல்லாம் விளக்க என் பிரெஞ்சு போதாது. நாங்கள் இருவரும் ஒரே உயரம், ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் என்று பாதி வாயாலும் பாதி கையாலும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "ஓ, இரட்டையர்களா?" என்றார். செல்வம் என்னைவிட மூன்று வயது சின்னவன். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ரோடு பைக்குக்கான ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, ஹேண்டில்பார் உட்காரும் முன் ஃபோர்க்கின் குழாயையும் என் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

அப்படிப் பொய் சொல்லியாவது வாங்க ஒரு காரணம் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்துவிட்டேன். செல்வம் அம்மாவோடு தங்கிவிட்டான். உழவர்கரையில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அவன்தான் குளிப்பாட்டினான், துடைத்தான். நான் வீடியோவில் பார்த்தேன். அந்த இரண்டு வருடத்துக்கு சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் ஈடாகாது என்பது எனக்கே தெரியும். அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை காலையில் கடலூர் சாலையில் சைக்கிள் ஓட்டுவதுதான், அதுவும் ஒரு பழைய கியர் சைக்கிளில். அதனால் ஃபிரேமை அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுபோனேன். ஊரில் மற்ற பாகங்களைப் போட்டு முடித்த பிறகு, ஃபோனில் ஒவ்வொரு முறையும் "எப்படிடா இருக்கு?" என்று கேட்பேன். "சூப்பரா இருக்குண்ணா, பறக்குது" என்பான். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறையும்.

ஒன்றரை வருடம் கழித்து இந்த முறை ஊருக்குப் போனேன். இதற்கிடையில் நானும் அதே கடையில் ஒரு சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டப் பழகியிருந்தேன். செல்வத்தின் நண்பரிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, இருவரும் காலையில் கிளம்பினோம். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது அவன் பின்னால் வந்துகொண்டிருந்த நான் அப்போதுதான் கவனித்தேன். அவன் முழங்கைகள் மடங்கவே இல்லை, கம்பு மாதிரி விறைத்து நின்றன. தோள்கள் காதுக்கு ஏறியிருந்தன. வளைந்த பிடியில் கை வைக்காமல் ஹேண்டில்பாரின் நடுவில், எட்டுகிற இடத்தில் மட்டும் பிடித்திருந்தான். நிமிடத்துக்கு ஒருமுறை வலது கையை எடுத்து உதறினான். டீக்கடையில் இறங்கியதும் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தேன். சீட்டை முன்னால் தள்ளமுடிந்தவரை தள்ளியிருந்தான். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மையும் மாற்றி, கிடைப்பதிலேயே குட்டையானதைப் போட்டிருந்தான்.

"இது எப்ப மாத்தன?"

"வாங்கன கொஞ்ச நாள்லயே. சும்மாதாண்ணா."

"கை வலிக்குதா?"

"இல்லண்ணா. நல்லாத்தான் இருக்குது. டீ ஆறுது, குடி."

உண்மையைச் சொன்னது அவன் மனைவி கவிதா. அன்று அவன் வேலைக்குப் போன பிறகு, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மாமா, நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க. அவருக்கு சின்ன விரலும் மோதிர விரலும் மரத்துப்போவுது. சைக்கிள் ஓட்டுன அன்னிக்கு ரொம்ப. ஊசியப் புடிச்சா கை நிக்க மாட்டேங்குதாம். லேபுக்குக் கொழந்தைங்க வந்தா வேற ஆளக் கூப்புட்டுடறாரு."

"ஓட்டாம இருக்கலாம்ல? இல்ல எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஃபோன்ல கேப்பீங்களாம், ஓட்டனயான்னு. அதுக்காவே ஓட்டுவாரு. அண்ணன் தூக்கினு வந்தது, எப்படிச் சொல்றதுன்னுவாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குழந்தைகளின் கையில் நரம்பு தேடிக் கண்டுபிடிப்பதில் செல்வத்துக்கு ஒரு பெயரே உண்டு. ஒரே குத்தில் எடுத்துவிடுவான், பிள்ளை அழுவதற்குள் பஞ்சு வைத்துவிடுவான். அந்தக் கையை நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள் தின்றுகொண்டிருந்தது.

அதைவிட வெட்கம், இந்த விஷயம் எனக்குத் தெரிந்ததுதான் என்பது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சித்தப்பா ஒருவர் எங்களுக்கு உண்டு. ஊரில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். நான் எட்டாவது படிக்கும்போது பிரான்சிலிருந்து எனக்கு ஒரு தோல் ஷூ கொண்டுவந்தார். என் காலைவிட இரண்டு விரற்கடை பெரியது. முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனேன், குதிகால் தோல் உரிந்தது. சித்தப்பா வரும்போதெல்லாம் கேட்பார். "சரியா இருக்குது சித்தப்பா" என்பேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைப் பொருந்தவில்லை என்று சொல்கிற பழக்கமில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தால் உள்ளே விட்டுக்கொள்வோம், வாட்ச் கழன்று விழுந்தால் துளை போட்டுக்கொள்வோம். கொடுத்தவர் முகம் வாடக்கூடாது. வாங்குகிற பக்கம் நிற்கும்போது இதெல்லாம் எனக்கு அத்துப்படி. கொடுக்கிற பக்கம் போனதும், சூப்பராக இருக்கிறது என்றால் சூப்பராகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வத்தைக் கூடத்துச் சுவரில் நிறுத்தினேன். கவிதா சொன்னதைச் சொல்லவில்லை. சும்மா அளந்து பார்க்கலாம் வா என்றேன். அவன் பிள்ளைகளின் அட்லஸைத் தலையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். அவன் கோடும் என் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "பாத்தியா, ஒரே உயரம்" என்று சிரித்தான். பிறகு அதே அட்லஸைத் தொடைகளுக்கு நடுவே வைக்கச் சொன்னேன். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். என் கால் எண்பத்தொன்று. அவன் கால் எண்பத்தாறு.

"அஞ்சு சென்டிமீட்டர்தானேண்ணா."

"கால் நீளம்னா சீட்ட ஏத்திக்கற. அப்ப ஹேண்டில்பார் கீழ போயிடுது, குழாய வெட்டிட்டதால அத ஏத்தவும் முடியாது. கால் நீளம்ன்றதால உடம்பு குட்டை, அதனால அது தூரமாவும் போயிடுது. ரெண்டும் சேந்து மொத்த வெயிட்டும் உள்ளங்கையில ஒக்காருது. நீ என்ன மாத்தினாலும் ஃபிரேமோட நீளம் கொறையாது."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பள்ளிக்கூட நாட்களில் என் பேன்ட் அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும். என் சட்டை அவன் தொடைவரை தொங்கும். அதைச் சொல்லி அவனைக் கேலி செய்தவனே நான்தான். ஒரே சட்டையைப் போட்டவர்கள் என்று பிரெஞ்சுக்காரரிடம் பெருமை பேசியபோது, அது அவன் உடம்பில் எப்படி நின்றது என்பதை மறந்திருந்தேன். அளவு எடுக்கத் தெரியாமல் செய்த தவறு இல்லை இது. நான் போய்விட்ட பிறகும் தம்பி என்னைப்போலவே இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

"எனக்கும் சின்ன வயசுல சித்தப்பா ஷூ பெருசா இருந்துச்சுடா" என்றேன். "ரெண்டு வருஷம் பொய் சொன்னேன்."

"தெரியும். பஞ்சு எடுத்துக் குடுத்தது யாரு?" என்றான். பிறகு கையை விரித்துப் பார்த்தபடி, "மரத்துதாண்ணா போவுது" என்றான்.

அன்று சாயங்காலம் சீட்டை இறக்கி, பின்னால் தள்ளி, பழைய ஸ்டெம்மைத் தேடி எடுத்துப் போட்டு நான் ஏறினேன். கால் நீண்டது, முழங்கை மடங்கியது, கை தானாகப் பிடியில் போய் உட்கார்ந்தது. அந்த ஊரில் இப்போது எனக்கென்று அறை இல்லை, அலமாரியில் ஒரு தட்டு இல்லை. இந்தச் சைக்கிள் மட்டும் கச்சிதமாக இருந்தது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இறங்கினேன். விற்றுவிடலாம் என்றேன். செல்வம் ஒத்துக்கொள்ளவில்லை. "வரும்போது நீ ஓட்டு" என்று சொல்லிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டான். அடுத்த வாரம் நான் அழைத்துப் போகவில்லை, அவனே கடைக்குப் போய், அங்கேயே ஏறி உட்கார்ந்து பார்த்து, நீளம் குறைந்த ஃபிரேம் ஒன்றை எடுத்துவந்தான். நான் பிரான்சுக்குத் திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. போன வாரம் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு ஒரே குத்தில் ரத்தம் எடுத்ததாகச் சொன்னான். மாதம் ஒருமுறை சுவரில் தொங்குகிற சைக்கிளின் டயருக்குக் காற்றடித்து ஃபோட்டோ அனுப்புகிறான்.

நேற்று பிரேக் கேபிள் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மறக்கவில்லை. "உங்கள் இரட்டையருக்குப் பொருந்தியதா?" என்று கேட்டார். நாங்கள் இரட்டையர் இல்லை, அவனுக்குப் பொருந்தவில்லை, எனக்குத்தான் பொருந்துகிறது என்றேன். "அப்படியானால் இங்கே கொண்டுவந்து ஓட்டுங்கள்" என்றார். இல்லை, அது அங்கேதான் இருக்கும் என்றேன். என் பிரெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்திருக்கவேண்டும். சொல்சொல்லாக நிறுத்தி, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் திருப்பிக் கேட்டார்.

"உங்களுக்குச் சரியான சைக்கிள், நீங்கள் இல்லாத ஊரில் இருக்கிறது. அதைத்தானே சொல்கிறீர்கள்?"

ஆமாம் என்றேன். இந்த முறை பொய் சொல்லவில்லை.